மாமாவுக்குக் கடல் காட்டிய கதை

சின்ன வயதில் நான் சுத்த மடையன். வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவதுதான் எனக்கு மரியாதை. கரீபியன் என்ற இடம் புறாமலைத் தீவுக்குக் கொஞ்சம் அப்பால் இருக்கிறது, அப்பாவின் மீன்பிடிப் போட்டுக்கு இன்னும் ஒரு கலன் மண்ணெண்ணெய் ஊற்றினால் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம் என்று நம்பியிருந்தேன். வகுப்பில் இதைச் சொல்லியும் இருக்கிறேன். வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது நாங்கள் சல்லி என்ற மீனவக் கிராமத்தில் இருந்தோம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கரீபியன் தீவுகளைச் சுற்றும் பெரிய கப்பல் ஒன்றில் வேலை செய்தார். கப்பலின் அடித்தட்டில், பயணிகளின் உடுப்புத் தோய்க்கும் வேலை. லீவில் வந்தபோது எனக்கு ஒரு வண்ணப் புத்தகம் கொண்டுவந்தார். யாரோ ஒரு பயணியின் காற்சட்டைப் பையில் கிடந்து, காற்சட்டையோடு தோய்ந்து காய்ந்து, அப்பளம்போல் விறைத்திருந்தது. அந்தத் தீவுகளுக்குப் போகிறவர்கள் என்னென்ன செய்யலாம் என்று அதில் படம் படமாகப் போட்டிருந்தார்கள். தென்னைகளுக்கு நடுவே வலை ஊஞ்சலில் ஒருத்தி, குடை செருகிய குடிபானத்தோடு ஒருவன், வெந்நீர் ஊற்றில் கழுத்தளவு அமிழ்ந்த கிழவர், வாலைத் தூக்கிய திமிங்கிலம். மாமா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை சொன்னார். நான் வாயை மூட மறந்து கேட்டேன்.

கம்பனி அவரைத் திரும்பவும் கூப்பிட்டிருந்தது. போவதா, இங்கேயே அப்பாவோடு கடலுக்கு இறங்குவதா என்று மாமா முடிவெடுக்கவில்லை. சம்பூரில் அவர் கட்டத் தொடங்கிய வீடு கூரையில்லாமல் நின்றது. அம்மா இருக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார். நானோ மன்றாடுகிற ஆள் இல்லை. மாமா போகக்கூடாது என்று முடிவே எடுத்துவிட்டேன். படத்தில் உள்ளவை எல்லாம் எங்கள் கரையிலும் இருக்கின்றன; ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டால் அவருக்கு அங்கே என்ன வேலை?

முதலில் அப்பாவின் பழைய வலையை இரண்டு தென்னைகளுக்கிடையே கட்டினேன். மாமா ஏறிப் படுத்தார். வலை தாங்கியது, முடிச்சுத் தாங்கவில்லை. சூடை மீன்போல வலைக்குள் சிக்கி மணலில் கிடந்தவரிடம், குடைக்குப் பதில் செவ்வரத்தம்பூச் செருகிய இளநீரை நீட்டினேன். பூவுக்குள் இருந்த எறும்புகள் அவர் மூக்குக்குள் குடிபோயின.

"அங்க எறும்பு தாறேல்லயடா மருமோன்" என்று தும்மினார். "இது எங்கட ஸ்பெசல்."

அடுத்தது வெந்நீர் ஊற்று. அதற்குத்தான் எங்களிடம் கன்னியா இருக்கிறதே. கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளுக்கு எங்கள் ஆட்கள் பெரும்பாலும் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யத்தான் போவார்கள் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் என் தலைக்குள் அப்போது படத்துக் கிழவர் மட்டும்தான் அமிழ்ந்திருந்தார். ஒரு கையில் வாளியும் மறு கையில் மாமாவுமாகப் புறப்பட்டேன். மாமா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கப்பலில் வெட்டிய தலைமயிர் மொட்டைக்குச் சற்றுத்தான் குறைவு. பஸ் நிற்கும் இடத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கயடா போறியள்?"

"கன்னியாவுக்கு."

"ஐயோ! ஆரடா மோசம் போனது?"

பஸ் வந்துவிட்டது. "வந்து சொல்லுறன் பெரியம்மா" என்று கத்திக்கொண்டு ஏறினேன்.

மாமா ஒவ்வொரு கிணற்றிலும் அள்ளி அள்ளிக் குளித்தார். சூடு கூடிய கிணற்றில் "ஊ" என்று குதித்தார். சின்னப்பிள்ளைபோல் என் தலையிலும் ஊற்றினார். வெற்றி என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தால், எங்கள் முற்றத்தில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மா, யாருக்கு என்று தெரியாமலே, ஒப்பாரியில் பாதி வழி வந்துவிட்டார்.

"ஆரெண்டு சொல்லடா தம்பி! என்னட்டயும் மறைச்சுப்போட்டியே!"

"ஒருத்தரும் சாகேல்ல அக்கா. உன்ர மகன் என்னைக் குளிக்க வாத்தவன்."

பெரியம்மாவுக்குத்தான் ஏமாற்றம் தாங்கவில்லை. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சும்மா குளிக்கவே போனனீங்கள்? கன்னியாவுக்கு ஆராவது சும்மா போவினமே?" என்று கேட்டார். அம்மா குசினிக்குள் போய் அகப்பையோடு வந்தார். மிச்சத்தை என் முதுகு அறியும்.

அடி விழுந்ததும் வைராக்கியம் கூடியது. இனித் திமிங்கிலம்தான். நிலாவெளிப் பக்கத்து விடுதிகளிலிருந்து வெள்ளைக்காரர் படகு படகாகப் போய்ப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் அதற்கென்று போனதில்லை. அப்பாவிடம் கேட்டேன்.

"திமிங்கிலம் பாக்கவோ? அதைப் பிடிக்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது. பிறகென்னத்துக்குப் பாக்கிறது?"

நான் சோறு வேண்டாம் என்று படுத்தேன். பொரித்த மீனை மட்டும் யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தின்றுவிட்டு, உறுதியோடு பட்டினி கிடந்தேன். அடுத்த நாள் அப்பா இறங்கி வந்தார். வழியில் சூரை மீன் கண்டால் போட்டை நிறுத்துவேன் என்பது அவர் நிபந்தனை.

விடிந்த கையோடு போனோம். மீனவன் மகன் என்ற பெயரைக் காப்பாற்ற நான் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். கரை மறைந்து கொஞ்ச நேரத்திலேயே தின்ற பிட்டு தொண்டைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் கடற்பறவைகள் கூட்டமாய் விழுந்து எழும்பின. அப்பாவுக்கு உலகம் மறந்துபோயிற்று.

"சூரை! மச்சான், தூண்டிலை எடு!"

அப்பா போட்டைத் திருப்பினார். நான் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டேன். எனக்குப் பின்னால் எங்கோ பெரிய வெடிபோல் மூச்சுச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் விடுதிப் படகு ஒன்றில் வெள்ளைக்காரர் கூவினார்கள். திமிங்கிலம்! நான் தலையைத் தூக்கி உள்ளே திரும்பினேன். பிட்டும் சேர்ந்து திரும்பியது. அது அப்பா அப்போதுதான் பிடித்துப் போட்ட சூரையின் மேல் விழுந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது கடலில் சுழிக்கிற தண்ணீர் மட்டும் மிச்சம்.

"மாமா, கண்டனீங்களோ?"

மாமா தூண்டிலையும் தொடவில்லை, திமிங்கிலம் போன பக்கமும் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றிப்போட்டு நடுப் போட்டில் எழுந்து நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திரும்பி, ஒன்றுமில்லாத வெறும் கடலையும் வானத்தையும் சுற்றிவரப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை வெயிலுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்.

"இரு மச்சான், விழப்போறாய்" என்று அப்பா கத்தினார். "தண்ணியைத்தானே பாக்கிறாய்? அங்க பாக்காத தண்ணியே?"

மாமா உட்காரவில்லை. கரை தெரியும்வரை அப்படியே நின்றார். எனக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. திமிங்கிலத்தையே சட்டைசெய்யாத மனிதர் அங்கே இதைவிடப் பெரியவை எத்தனை பார்த்திருக்க வேண்டும்! எங்கள் கடல் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டினேன்.

அது போலவே அடுத்த கிழமை மாமா போகிறேன் என்றார். வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிடுவேன் என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். நான் அவருடைய ஒரு சப்பாத்தை வலைக் குவியலுக்குள் ஒளித்துவைத்தேன். அவர் தேடிப் பார்த்துவிட்டு, மற்றதையும் வைத்துவிட்டுச் செருப்போடு கிளம்பினார். அதற்குமேல் ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

வாசலில் வான் வண்டி வந்து நின்றது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மாமா ஏறி உட்கார்ந்ததும் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கடல் எங்கட கடலைவிட அவ்வளவு வடிவோ மாமா?"

அவர் என் கையைக் கதவிலிருந்து மெல்ல எடுத்தார். பிறகு ஒரு பதில் சொன்னார். அது கேள்விக்குப் பதிலே இல்லை, மாமா வழக்கம்போலக் கதையை மாற்றுகிறார் என்று கோபித்துக்கொண்டு நான் வண்டிக்குக் கைகூடக் காட்டவில்லை.

"நாங்கள் இருக்கிற அடித்தட்டில யன்னல் இல்லையடா."