பரந்தாமன் எடுத்த வெயில்

மே மாதம் பகல் இரண்டு மணிக்கு எங்கள் அலுவலகத்தில் விழித்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மெஹக். இன்னொருவர் பரந்தாமன். மற்றவர்கள் மேசைமேல் கவிழ்ந்து கிடப்பார்கள். யாராவது பொதுமக்கள் வந்து கேட்டால் நான் "மீட்டிங்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பரந்தாமன் சைக்கிளை எடுப்பார்.

"எங்கேண்ணே, இந்தக் கொளுத்துற வெயில்ல?" என்று தெரிந்துகொண்டே கேட்பேன்.

"வெயில் எடுத்துகினு வந்துர்றேன் பாப்பா" என்பார், ஏதோ கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறவர் மாதிரி.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது எங்கள் அலுவலகம். அதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன், எனக்கு வேலை வேண்டும். நாலு வருடம் முன்பு எங்கள் பகுதிக்கு வெப்பத் தணிப்புத் திட்டம் என்று ஒன்று வந்தது. எந்தத் தெரு எவ்வளவு கொதிக்கிறது என்று அளக்க வேண்டும். அதிகம் கொதிக்கிற தெருவை வரைபடத்தில் சிவப்பாக்க வேண்டும். சிவப்புத் தெருவுக்கு முதலில் மரக்கன்று, பிறகும் சிவப்பாகவே இருந்தால் கூரைக்கு வெள்ளைப் பூச்சு. சூடு குறைந்துவிட்டால் தெரு பச்சை. பச்சையான தெருவுக்கு அப்புறம் ஒன்றும் கிடையாது, கைதட்டல் மட்டும்தான்.

அளப்பதற்கு ஐந்து தெருக்களில் ஐந்து வீட்டுச் சுவரில் வெப்பமானிப் பெட்டி மாட்டினார்கள். தினமும் இரண்டு மணிக்குப் போய் எழுதி வர ஆள் வேண்டும். அந்த வெயிலில் எவன் போவான்? இருபத்திரண்டு வருடமாகக் கொசுவுக்குப் புகை அடித்துக்கொண்டிருந்த பரந்தாமனைப் பிடித்துப் போட்டார் எங்கள் பொறியாளர் கலைவாணி மேடம்.

அவ்வளவு வருடம் புகைக்குள்ளேயே நடந்த மனுஷர். வெளியே வந்ததும் கண்ணில் பட்டது நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த திட்டப் படம். இன்னும் சில வருடத்தில் நம் தெருக்கள் எப்படி இருக்கும் என்று காட்டுகிற படம் அது. தெரு நெடுக பச்சை வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு மரம். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் சைக்கிள் ஓட்டியது எங்கள் ஊரில் இல்லை, அந்தப் படத்துக்குள்ளே.

ஒருநாள் வேலையாக அவருடன் நானும் என் வண்டியில் போனேன். பத்தாவது தெரு முனையில், பட்டப்பகலில், ஒரு செடிகூட இல்லாத இடமாகப் பார்த்து சைக்கிளை நிறுத்தினார். இரண்டடி நகர்த்தி, மறுபடி நகர்த்தி, ஒரு கணக்கோடு நிறுத்தினார்.

"இங்க ஏண்ணே?"

"நெழலாண்ட போடலாம்னுதான்."

"எந்த நிழல்?"

"இங்க புங்கன் வருது பாப்பா. நல்லா பெருசா வரும்." கண்ணை மூடிக்கொண்டு துண்டால் கழுத்தைத் துடைத்தார். "காத்து அடிக்குது பாரு."

சிரிக்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த ஆள் நின்ற நிற்பு அப்படி. தார் ரோடு தண்ணீர் மாதிரி அலைந்துகொண்டிருந்தது, தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கமிருந்து இரும்பு அடிக்கிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது, அது இலைகள் உரசுகிற மாதிரி இருந்தது எனக்கு. என் கழுத்திலும் ஒரு கணம் சில்லென்றது. இதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

பத்தாவது தெருவில் அறுபது வீடுகள், எல்லாம் ஷீட் கூரை போட்டவை. பெட்டி மாட்டியிருந்தது வடிவு என்கிற பெண்ணின் வீட்டுச் சுவரில். அவள் புருஷன் திருவேங்கடம் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் கம்பெனியில் இரவு ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் பதினோரு மணிக்கு ஷீட் காய்ந்து அடுப்பாகிவிடும், தூக்கம் போய்விடும். அதற்காக வடிவு ஒரு போர்வையை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவாள். அதில் ஏதோ கொஞ்சம் கண்ணயர்வார். அப்படியும் ஒரு கோடையில், அரைத் தூக்கத்தில் பிரஸ்ஸுக்குள் கையை விட்டு மோதிர விரல் நுனி போயிற்று. இன்னொரு தடவை அசந்தால் கையே போகும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தாராம். இதெல்லாம் பரந்தாமனுக்குத் தெரியும். தினமும் அந்த வீட்டில்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்.

போன வருடம் மே மாதம், பதினாலு மரக்கன்று நட்டிருந்த பத்தாவது தெருவின் சூடு இறங்க ஆரம்பித்தது. நாற்பத்தொன்று இருந்த இடத்தில் முப்பத்தேழு. பக்கத்துத் தெருக்கள் அப்படியே கொதிக்கின்றன, இது மட்டும் இறங்குகிறது. பரந்தாமனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"நம்ம கன்னுங்க வேலை செய்யுது பாப்பா!"

"கன்னு என் முழங்கால் உசரம்கூட இல்லையேண்ணே" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நானும் வாயை மூடிக்கொண்டு டைப் அடித்தேன். கலைவாணி மேடம் மேலதிகாரிகளுக்குக் காட்ட ஒரு பச்சைத் தெருவைத் தேடிக்கொண்டிருந்தார், கிடைத்துவிட்டது. ஜூன் மாதம் மக்கள் கூட்டம் வைத்து, பரந்தாமனுக்குச் சால்வை போடுவதாக ஏற்பாடு. அத்தனை வருட வேலையில் அவர் பெயரை வருகைப் பதிவேட்டுக்கு வெளியே யாரும் வாசித்ததில்லை. புதுச் சட்டை வாங்கினார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, மூன்று மணிக்குக் கண் ஆஸ்பத்திரி போக வேண்டுமென்று ஒரு மணிக்கே வெயில் எடுக்கக் கிளம்பினார். அவசரத்தில் பெல் அடிக்காமல் பத்தாவது தெருவுக்குள் போனால், வடிவு ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டிமேல் ஈரப் போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்றே?"

அவள் பதறிப்போய் இறங்கினாள். "நீதானே அண்ணாத்தே சொன்னே? நாப்பத்தஞ்சுக்கு மேல போனா மெசினு கெட்டுப்பூடும், கெட்டுப்பூட்டா தெருவுக்குத் திட்டமே இல்லன்னு. பதினோரு மணிக்குப் போத்துவேன். காஞ்சா திரும்ப நனைப்பேன். உன் பெல்லு சத்தம் கேட்டா எடுத்துருவேன். கவுருமென்ட் ஆளு வர்றப்போ துணி தொங்கினா நல்லாவா இருக்கும்?"

பரந்தாமன் ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒன்றும் தொங்கவில்லை. உள்ளே திருவேங்கடம் தரையில் தண்ணீர் தெளித்து, அதன்மேல் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்.

"ஊட்ல ஒரு போர்வைதாண்ணே கீது" என்றாள் வடிவு. "அவரு எப்டியோ பெரண்டுகினு கீறாரு. மெசினு தெருவுக்கே பொதுவாச்சே."

கண் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அழுதார். "நான் ஒளறுனதுக்கு அந்த மனுசன் தூக்கம் போச்சு பாப்பா. இப்போ தெரு பச்சை. கூரைக்குப் பூச்சும் போச்சு."

நான் சொன்னதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. "சும்மா இருங்கண்ணே. துணியைப் போட வேணாம்னு சொல்லிடுங்க. அடுத்த வருஷம் தானா சிவப்பாயிடும்" என்றேன்.

"அடுத்த வருசமா? இன்னும் ஒம்போது விரலு கீதே, இன்னா அவசரம்ன்றியா?"

நான் கீபோர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூட்டத்தன்று திரையில் பத்தாவது தெரு பச்சையாக மின்னியது. கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள். போட்ட சால்வையோடு மைக்கைப் பிடித்தார் பரந்தாமன்.

"பத்தாவது தெரு நம்பர் தப்புங்க. பெட்டி மேல ஈரத்துணி கெடந்துச்சு. போட்டது நான்தான், மெசினு சூடு தாங்காதுன்னு." பின்வரிசையில் வடிவு எழுந்தாள். அவளை முறைத்து உட்காரவைத்தார். சட்டைப்பையில் இருந்த திட்டப் படத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பதினாலு கன்னுல ஒம்போது செத்துப்போச்சு. தெனம் அந்தப் பக்கம்தான் போறேன். நான் பாக்கல" என்றார். சால்வையைக் கழற்றி, நாலாக மடித்து, மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினார்.

கலைவாணி மேடம் கெட்டவர் இல்லை. மறுநாள் காலை என் பக்கத்தில் நின்று பத்தாவது தெருவைச் சிவப்பாக்கச் சொன்னார். பழைய பெட்டிகளைக் கழற்றித் தானாகவே அளந்து அனுப்பும் கருவி வைத்தார்கள். பரந்தாமன் பழையபடி புகைக்குப் போனார். பிப்ரவரியில் அறுபது கூரைக்கும் வெள்ளை அடித்தார்கள்.

இந்த மே மாதம் பத்தாவது தெருவின் முதல் அளவு வந்தது. நாற்பது புள்ளி ஆறு. தெருவில் அடிக்கிற வெயிலுக்குக் கூரையின் வெள்ளை என்ன செய்யும்? படத்தில் தெரு இன்னமும் சிவப்புதான். "முன்னேற்றம் இல்லைன்னு எழுதிடு" என்றார் மேடம்.

டைப் அடிக்கப் போகும்போது மணி இரண்டேகால். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பரந்தாமனின் சைக்கிளைக் காணோம். இந்த நேரத்தில் அவருக்கு வேலை எதுவும் இல்லை, மற்றவர்கள் மாதிரி கவிழ்ந்து படுக்கலாம். அரை மணி கழித்து வேர்த்து ஊற்ற வந்தார்.

"வடிவு ஊட்டாண்ட பெல்லு அடிச்சேன். ஓடியாந்து வாய் மேல வெரல வெச்சுக் காட்றா, சத்தம் போடாதேன்னு. திட்டறா பாப்பா என்னை!" அவர் முகம், இல்லாத புங்க மரத்தடியில் நின்ற அன்றைய முகம்.

"ஏன், என்னாச்சு?"

"தூங்கறாராம்."

பிறகு அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, வெயில் எடுத்து வந்த நாட்களில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார். "எழுதிக்கோ" என்றார்.

எங்கள் படிவத்தில் தேதி, நேரம், தெரு, அளவு என்று கட்டங்கள் உண்டு. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். இத்தனை வருடத்தில் அதை யாரும் நிரப்பியதில்லை. பத்தாவது தெரு, பகல் இரண்டு மணி, நாற்பது புள்ளி ஆறு என்று அடித்தேன். குறிப்பில், "திருவேங்கடம் தூங்குகிறார்" என்று அடித்து மேலே அனுப்பினேன்.