போனுக்கு வைத்த பொட்டு

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். கும்மிடிப்பூண்டியில் நான் இருந்த கம்பெனியில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தேன். அங்கேயே இன்னொரு கம்பெனியில் ஃபிட்டர் வேலைக்கு என்னை நேரில் பார்த்துவிட்டு, "பூஜை லீவு முடிஞ்சதும் போன் பண்ணுவோம். எடுக்கலன்னா அடுத்த ஆளுதான்" என்று சொல்லியிருந்தார்கள்.

ஆயுத பூஜையன்று என் மனைவி ஸ்பேனர், சைக்கிள், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். புதுப் போனையும் விடவில்லை. வேலை வரப்போவதே அது வழியாகத்தானே என்று தாராளமாகவே அப்பிவிட்டாள். மறுநாள் போன் சார்ஜ் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போனது. இப்போது மாதிரி சிம்மைக் கழற்றி வேறு போனில் போட வழியில்லை. அந்த வகைப் போனில் சிம்மே கிடையாது, நம்பர் போனுக்குள்ளேயே இருக்கும்.

வாரண்டி கார்டோடு இரண்டு பேரும் திருவள்ளூர் சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பினோம். "உன்ன யாரு போனுக்கெல்லாம் பொட்டு வெக்கச் சொன்னது?" என்று பஸ்ஸில் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கவுண்டரில் இருந்தவர் போனைத் திருப்பிப் பார்த்தார். "சார்ஜர் சொருவுற ஓட்டைல இன்னாம்மா இது, சந்தனமா? ஈரம் பட்டா வாரண்டி இல்ல. போனுக்குப் போய் யாராவது பொட்டு வெப்பாங்களா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

என் மனைவி மட்டும் அசையவில்லை. "சார், உங்க கம்ப்யூட்டருக்கும் வச்சிக்கீறாங்களே. நீங்க வச்சா பூஜை, நான் வச்சா ரிப்பேரா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

அவர் திரும்பினார். மானிட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் இருந்தன. அதைப் பார்த்தார். பிறகு ஊசியும் பிரஷ்ஷும் எடுத்து, ஓட்டையைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சார்ஜரைச் சொருகினார். விளக்கு எரிந்தது.

"வாரண்டில வராதுன்னா வராதுதாம்மா. இது நானா பண்ணது. எடுத்துக்கினு போங்க" என்றார்.

லீவு முடிந்ததும் போன் வந்தது. வேலையில் சேர்ந்தேன். பொட்டு வைத்ததால்தான் கிடைத்தது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். துடைத்ததால் கிடைத்தது என்பது என் கட்சி. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கவுண்டரில் போய் நின்றாலும், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் வீட்டிலும் ஒரு சந்தனக் கிண்ணம் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன், பாதி பயம் போய்விடுகிறது.