தாம்பாளத்தில் கட்டிய பாலம்

பொம்மைச் செங்கல் எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்காகத்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஒரு பெட்டி நிறைய வாங்கிவந்து என் கையில்தான் கொடுத்தார். எல்லாம் சிவப்புச் சாயம் பூசிய விரலளவு மரக்கட்டைகள். அன்று மாலையே பெட்டி அப்பாவிடம் போய்விட்டது. "இவகிட்ட குடுத்தா ரெண்டு நாள்ல தொலைச்சிடுவா" என்றார். எனக்கு அப்போது ஏழு வயது.

அப்பா ஜொகூர் பாருவில் ரயில்வே கிடங்கில் கிராணி, அதாவது குமாஸ்தா. வாரமெல்லாம் ஆணியும் திருகுமாகக் கணக்கு எழுதுகிறவர், ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்து உட்கார்ந்தால் பெரிய எஞ்சினீயர் ஆகிவிடுவார். மணிக்கூண்டு கட்டினார், ரயில் நிலையம் கட்டினார், சுல்தானுக்கு ஓர் அரண்மனையும் கட்டினார். நான் சித்தாள். அம்மா முறத்தில் அரிசியோடு எதிரில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பாள். "இம்மாம்பெரிய அரமனையில அடுப்படி எங்க?" என்பாள். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் பின்பக்கத்தைப் பிரித்து ஓர் அடுப்படி சேர்த்துவிடுவார். அந்தக் கைகளை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாளில் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடல்தான். நீராவிப் படகில் ஏறினால் சற்று நேரத்தில் அக்கரை. ஊரே போய்வந்தது, அம்மா மட்டும் போகமாட்டாள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்ததே ஏழு ஜென்மத்துக்குப் போதும் என்பாள். அவளுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாமாவுக்குச் சிங்கப்பூரிலேயே பெண் நிச்சயமானபோதுதான் கேலி வினையானது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் உடன்பிறந்தவள் போடுவது எங்கள் வழக்கம். பெண் வீட்டார் தங்கள் வாசலில்தான் பந்தல் என்றார்கள். அம்மாவோ படகில் கால் வைக்க மாட்டேன் என்றாள். குறித்த முகூர்த்தம் இரண்டு முறை தள்ளிப்போனது. இனிமேல் பொறுப்பதற்கில்லை, வேறு இடம் பார்க்கிறோம் என்று பெண்ணின் அப்பா சொல்லியனுப்பினார்.

மாமா வந்து சாப்பிட உட்கார்ந்தவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேற யாராச்சும் முடிச்சு போட்டா எனக்கு மனசு ஒப்பாதுக்கா. நீ வரலன்னா இந்தக் கல்யாணமே வேணாம்." அம்மா அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

அப்போது கடலைத் தூர்த்து அக்கரைவரை கல்பாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மலாய்க்காரர்கள் அதைத் தம்பாக் என்றார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். அதன்மேல் சீக்கிரமே ரயில் ஓடப்போகிறது என்று கிடங்கில் எல்லாருக்கும் தெரியும். "தண்ணி மேல போனாத்தான பயம்? கல்லு மேல போனா என்ன?" என்றார் அப்பா. அம்மா நம்பவில்லை. கடலுக்குள் கட்டியது எப்படி நிற்கும் என்று கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவின் சீர்த் தாம்பாளத்தை இறக்கினார். இந்த ஓரம் ஜொகூர், அந்த ஓரம் சிங்கப்பூர். நடுவே வரிசையாகச் செங்கல் அடுக்கி, மாமாவும் நானும் பார்த்திருக்க, செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினார்.

மரம் மிதக்கும் என்பது அத்தனை பெரிய எஞ்சினீயருக்கு நினைவில்லாமல் போய்விட்டது. பாலம் அப்படியே எழும்பி, தாம்பாளமெங்கும் துண்டு துண்டாகச் சுற்றி வந்தது. போதாதற்குச் சாயமும் கரைந்து தண்ணீர் சிவந்துவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "பாலம் கட்டுறேன்னு ஆரத்தி கரைச்சு வச்சிருக்கீங்க" என்றாள். மாமாவுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை, எனக்கு அழுகை வந்தது.

அம்மா அதைப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். முறம் நிறையக் கருங்கல் ஜல்லியோடு வந்து, சிவப்புத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத் தாம்பாளத்தின் முன் உட்கார்ந்தாள். "அடியில கல்லக் கொட்டாம மேல அடுக்கினா எப்படிங்க நிக்கும்?" இடைவெளி தெரியாமல் சின்னக் கல்லாகப் பார்த்துப் பார்த்து அடைத்தாள். மேலே பொம்மைச் செங்கலைப் பாவினாள்.

"அங்கயும் இப்படித்தான் செய்யிறாங்க" என்றார் அப்பா. அவர் குரலில் இருந்த பெருமையை எப்படிச் சொல்வது! அரண்மனை கட்டியபோதுகூட அவர் அப்படிப் பேசியதில்லை. அன்றிலிருந்து எனக்கு வீட்டில் இரண்டு எஞ்சினீயர்கள்.

அம்மா இந்த முறை தானே தண்ணீர் ஊற்றினாள். தாம்பாளத்தைப் பிடித்து ஆட்டினாள். அலை அடித்தது, பாலம் அசையவில்லை. அம்மிக்குழவியைக் கொண்டுவரச் சொல்லி அதையும் மேலே வைத்தாள். அதன் பிறகுதான் தம்பியைப் பார்த்தாள்.

"ரயிலு விடட்டும். வாரேன்னு சொல்லு."

அந்த வாக்கைக் கேட்டுப் பெண் வீட்டாரும் பொறுத்துக்கொண்டார்கள், ரயிலும் விட்டார்கள். கல்யாணத்துக்குப் புறப்பட்ட காலையில் அம்மா மல்லிகைச் சரத்தை மூன்று துண்டாக்கினாள். ஒன்றை எனக்கு வைத்துவிட்டாள், ஒன்றைத் தான் வைத்துக்கொண்டாள். மூன்றாவதை வாழையிலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அது மணப்பெண்ணுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ரயில் தம்பாக்கின் நடுவே போகும்போது அம்மா ஜன்னலோரம் நகர்ந்தாள். இலையைப் பிரித்து, பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எட்டிய மட்டும் வீசிக் கடலில் போட்டாள். அப்பா எழுந்து அவள் பக்கத்தில் நின்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அந்தப் பூ எனக்கு வேண்டும் என்று அழுதேன்.

"விடும்மா. அது உனக்கில்ல" என்றார் அப்பா.

அக்கரையில் அம்மா இரண்டு முடிச்சையும் போட்டாள். பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் கண் நிறைந்துவிட்டது. நான் மட்டும் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூத்தவள் ஒருத்தி நாகப்பட்டினத்தில் பிறந்து, கப்பலில் காய்ச்சல் கண்டு போய்விட, கைக்குழந்தையைக் கடலிலேயே இறக்கிவிட்டு வந்தவள் அம்மா என்பதை என் கல்யாணத்தன்றுதான் மாமா சொன்னார். ரயிலில் அழுதுகொண்டு போன எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று துண்டுப் பூவில் ஒன்று யாருக்கும் இல்லாமல் தண்ணீரில் போய்விட்டது என்பதுதான்.