உதறி மடித்த தாள்கள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷமாக இந்தக் கை பிடித்தது இஸ்திரிப் பெட்டியைத்தான். பேனாவைப் பிடித்தால் நாலு வரிக்குள் விரல் இழுத்துக்கொள்கிறது. இதையே காரணமாகச் சொல்லி ஐந்து வருஷம் எழுதாமல் தள்ளிப்போட்டேன். எழுதாததற்கு அது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

காலடிப்பேட்டையில் ஒரு தெருமுனையில் என் இஸ்திரி வண்டி நிற்கிறது. பக்கத்து மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியில் ஒற்றை அறை. நானும் என் மனைவியும் அதில் குடியிருந்தோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியின் கிடங்கு. கிடங்கு என்றால் சுவரும் கூரையும் கிடையாது. திறந்த வெளியில் லாரி லாரியாகக் கருந்தூளைக் கொட்டிக் குவித்திருப்பார்கள். மணலி ஆலைகள் பக்கமிருந்து வரும் நாற்றம் எங்களுக்குப் பழகிவிட்டது. இந்தத் தூள் பழகவில்லை. காலையில் மேல்காற்று அடித்தால், துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணியில் எள் தூவினதுபோல் விழும்.

முதலில் பழி என்மேல்தான் வந்தது. ஒரு நர்ஸம்மா தன் வெள்ளைக் கோட்டை வண்டிமேல் விசிறிப் போட்டுவிட்டு, "இன்னாபா இது, உன் பெட்டியிலேர்ந்து கரி கொட்டுது பாரு" என்றார். எனக்கு நாலு பேர் நின்றால் நாக்கு உள்ளே போய்விடும். கோட்டை வாங்கி மறுபடி துவைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவரே வந்து, தன் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியிலும் அதே புள்ளி என்று காட்டிவிட்டுப் போனார்.

துணியில் விழுந்தது போகட்டும். என் மனைவிக்கு இரைப்பு வந்துவிட்டது. ராயபுரத்தில் இறால் உரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். மாடி ஏற முடியவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு வைத்திருந்தோம். அதில் உட்கார்ந்து மூச்சை வாங்கிக்கொண்டுதான் மீதிப் படி ஏறுவாள். நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்துவதுபோல் சத்தம் வரும். தர்ம ஆஸ்பத்திரி டாக்டர், "தூசி இல்லாத இடத்துக்குப் போங்கம்மா" என்றார். அதற்கு இவள், "அது எந்த பஸ்ஸு சார்?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

தெருச் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு நேர்மாறு, மைக் இல்லாமலே டோல்கேட் வரை கேட்கும் குரல். அவர்தான் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, கிடங்குக்குக் கூரை போட வேண்டும் என்று மனு கொடுத்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. அலைந்து அலைந்து ஒரு பதில் வந்தது. காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று மூன்று வருஷம் அளப்பார்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்கவில்லை என்றால் கம்பெனி கூரை போட்டே ஆக வேண்டும்.

அளக்கும் மெஷின் எங்கள் மொட்டை மாடிக்கே வந்தது. தகர வீடு மாதிரி ஒரு பெட்டி. உள்ளே ஒரு மோட்டார் காற்றை இழுக்கும். மேலே ஒரு வெள்ளைத் தாள் வைப்பார்கள். ஒரு நாள் முழுக்க ஓடினால் தாள் கருத்துப்போகும். முதல் வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து பிள்ளைகளே வந்து தாள் மாற்றினார்கள். இரண்டாவது வருஷம் அவர்களால் வாரம் இரண்டு தடவை வர முடியவில்லை. அதில் பொறுப்பாக இருந்த பெண், ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள், என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, நீங்க இங்கயே இருக்கீங்க. வெள்ளைத் துணியை அழுக்குப் படாம கையாளத் தெரிஞ்சவர். நீங்க மாத்தித் தருவீங்களா?"

படித்தவர்கள் என்னிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஒரு தடவை செய்து காட்டினாள். கையுறை போட வேண்டும். தாளின் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். கருப்புப் பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து உறையில் போட்டு, தேதி எழுதி ஒட்ட வேண்டும். மாதம் ஒரு தடவை வந்து உறைகளை எடுத்துப்போவாள். நான் குளித்துவிட்டுத்தான் மெஷினைத் தொடுவேன். இஸ்திரிப் பெட்டியில் கரி மூட்டும் முன்பே தாளை மாற்றிவிடுவேன், என் புகை அதில் கலந்துவிடக் கூடாதே என்று.

தலைவர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துச் சத்தம் போடுவார். "இன்னா மாமு, காத்துக்கு இஸ்திரி போட்டுகினு கீறியா? மடிப்பு கலையாம போடு. மேலிடத்துக்குப் போற சரக்கு!"

"பேசாம போ நைனா" என்று மாடியிலிருந்து என் மனைவிதான் பதில் சொல்வாள். "இவுரு மடிச்சா மடிச்சதுதான்."

இரண்டு வருஷம், ஒரு தடவைகூடத் தவறவில்லை. காய்ச்சலிலும் மாற்றினேன். ஒவ்வொரு தாளும் கருப்பாகத்தான் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு தைரியம். இந்தக் கருப்பை யார் பார்த்தாலும் கூரை போடச் சொல்லாமல் இருக்க முடியாது என்று அவளிடம் சொல்வேன். அவள் வாளியில் உட்கார்ந்தபடி தலையை ஆட்டுவாள்.

மூன்றாவது வருஷம் முடிந்ததும் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தெருவே வந்திருந்தது. என் மனைவியும் மெதுவாக நடந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அதிகாரி ஒருவர் திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். முதல் வருஷம் முழுக்க உயரத்தில் போன கோடு, இரண்டாவது வருஷத்தின் தொடக்கத்தில் சடாரென்று இறங்கியது. பிறகு தாழ்வாகவே போனது.

"போக்கு நல்லாவே இருக்கு" என்றார் அதிகாரி. "கம்பெனி தண்ணி தெளிக்க ஆரம்பிச்சதுல பலன் தெரியுது. இப்போதைக்குக் கூரை அவசியம்னு சொல்ல முடியாது."

தலைவர் எழுந்து நின்றார். "சார், வெள்ளைச் சட்டை போட்டுகினு எங்க தெருவுல ஒரு மணி நேரம் நில்லு சார். அப்பால வந்து கோடு போடு."

மண்டபமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "ஆத்திரப்பட்டு ஆகப்போறது ஒண்ணுமில்லீங்க. அளவு என்ன சொல்லுதோ அதுதான். அளந்ததும் உங்க தெருக்காரர்தான்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். கோடு இறங்கிய மாதம் நான் மெஷினைக் கையில் எடுத்த மாதம் என்பது எனக்கு அப்போதே உறைத்தது. ஆனால் ஏன் என்று புரியவில்லை.

மறுநாள் காலையில் மெஷினைக் கழற்ற அந்தப் பெண் வந்தாள். அழுதிருப்பாள்போல, கண் வீங்கியிருந்தது. கடைசித் தாள் உள்ளேயே இருந்தது. "எடுத்துக் குடுங்கண்ணா" என்றாள். நான் எடுத்தேன். மடித்து நீட்டினேன். அவள் கை நீட்டவே இல்லை.

"அண்ணா, இப்ப என்ன செஞ்சீங்க?"

"மடிச்சேம்மா. கருப்பு உள்ள போற மாதிரி."

"அதுக்கு முன்னாடி?"

எனக்குத் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள். "உதறினீங்க."

உதறியிருக்கிறேன். இஸ்திரிக்காரன் எந்தத் துணியையும் உதறாமல் மடிக்க மாட்டான். எடுப்பது, ஒரு உதறு, மடிப்பது. மூன்றும் சேர்ந்து ஒரே அசைவு. கை தானாகச் செய்கிறது. மூச்சு விடுவது நமக்குத் தெரியாததுபோல் எனக்கு அது தெரியாது.

"எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டாள்.

நான் தலையசைத்தேன். கருப்பைக் கண்ணால் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன் என்று சொன்னேன். எங்கள் தொழிலில் உதறினால் போவது அழுக்கே இல்லை. உதறியும் போகாமல் ஒட்டியிருப்பதுதான் கறை. அது தாளில் அப்படியே இருந்ததே.

அவள் மொட்டை மாடித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தாளை எடை போடுவோம்ணா. வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு எடை, எடுத்த பிறகு ஒரு எடை. கூடின எடைதான் தூசி." பிறகு மெதுவாக, "நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கணும். ஒரு தடவையாவது பாத்திருக்கணும்" என்றாள். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

அவள் தன் பேராசிரியரிடம் சொன்னாள். அவர், மெஷினைப் பார்த்துக்கொண்டவரே நடந்ததைக் கைப்பட எழுதிக் கொடுத்தால் அந்த இரண்டு வருஷத்தையும் தள்ளிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லலாம் என்றாராம். அதை வாங்க அவள் வந்தாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாவது தடவை அவள் தெருவில் வருவதை மாடியிலிருந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கீழ்வீட்டு அம்மா, "வூட்ல இல்லம்மா" என்று சொன்னது கேட்டது. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் படிப்பு முடிந்து வெளியூர் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

எழுதினால் தெருவுக்குத் தெரியும். நூறு குடும்பத்தின் மூன்று வருஷத்தை ஒருவன் கை உதறிக் கொட்டிவிட்டது என்று தெரியும். அந்தத் தெருமுனையில்தான் நான் தினமும் நிற்க வேண்டும்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வேணும்னா செஞ்ச? போய் சொல்லுய்யா" என்றாள்.

"நாளைக்கு" என்றேன்.

"எனுக்கு நாளைக்கு வரைக்கும் மூச்சு இருக்கணும்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. படியைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் அரக்கோணம் பக்கம் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போனாள். அங்கே நெஞ்சில் சத்தம் இல்லை. திரும்பி வந்த மூன்றாம் நாள் வாளியில் உட்கார்ந்தவளை நானும் கீழ்வீட்டுப் பையன்களும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதற்குப் பிறகு தங்கை வீட்டிலேயே இருந்துவிட்டாள். எனக்குத் தெரிந்த தொழிலும் வாடிக்கையும் இங்கேதான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எழுதிக் கொடுத்தாயா என்று முதல் வருஷம் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. அவள் கேட்காமல் தட்டில் சோறு வைக்கும்போது எனக்கு இறங்குவதில்லை.

போன வாரம் தலைவர் ஒரு அச்சிட்ட தாளோடு வண்டிக்கு வந்தார். கிடங்கைப் பெரிதாக்கப் போகிறார்களாம். நீண்ட காலத் திட்டம் ஒன்றும் அதில் இருந்தது. காற்று ஏற்கனவே தேறிவருவதால், சுத்தமான முறைகளுக்குப் படிப்படியாக மாறிக்கொண்டால் போதும் என்று எழுதியிருந்தார்கள். நடுவில் அந்தக் கோட்டைச் சின்னதாக அச்சடித்திருந்தார்கள்.

"படிப்படியாவாம் மாமு. கடைசிப் படி வரும்போது நம்ம தெருவுல எவன் இருப்பான்?" என்றார். அவருக்கும் இப்போது மூச்சு வாங்குகிறது. குரல் பழையபடி எட்டுவதில்லை. "ஒண்ணும் புரியல. கண்ணுக்கு எதிர்ல கொட்டுது, கோடு மட்டும் எப்படி எறங்குச்சு? எவனோ துட்டு வாங்கிகினு மாத்திட்டான்."

நான் கையிலிருந்த சட்டையை மடித்துக்கொண்டே இருந்தேன். யாரும் எதையும் வாங்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கோட்டில் முதல் வருஷம் மட்டும்தான் சரி. மற்ற இரண்டு வருஷமும் நான் ஒவ்வொரு தாளையும் உதறித்தான் மடித்தேன். அந்தப் பெண்மேல் தப்பில்லை. காற்று தேறவே இல்லை. அந்த இரண்டு வருஷத்தையும் தள்ளிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். வேறு யாரையாவது வைத்து அளக்க வேண்டும்.

இதை நாளைக் காலை தலைவர் கையில் கொடுக்கப் போகிறேன். எல்லார் முன்னாலும் வாசிக்கட்டும். காலம் கடந்துபோயிருக்கலாம். எழுதியதை இன்னும் என் மனைவிக்குச் சொல்லவில்லை. கொடுத்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

காலடிப்பேட்டை
24.8.2008, ஞாயிற்றுக்கிழமை