பொட்டு வைத்த ஒரே பெட்டி

முனிரத்தினம் போய்விட்ட செய்தி எனக்குப் படத்தோடு வந்தது. திருச்சானூரில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற மின் ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம். கிணற்று மோட்டார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சாம்பல் நிறப் பெட்டி ஒன்றின் மேல் கை வைத்துச் சிரிக்கிறான். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எத்தனையோ படம் இருக்க, இவர்களுக்கு இதுதானா கிடைத்தது என்று முதலில் கோபம்தான் வந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது. "ஏமி சார், ஒடம்பு சரியில்லியா?" என்று ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துக் கேட்டார். அந்த ஆட்டோ அவன் வீட்டுப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. அவனைப் பார்க்கத்தான் அன்று கிளம்பியிருந்தேன். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

நினைவுக் கூட்டத்துக்குச் சின்னதாக ஒரு மலர் போடுகிறோம், இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். "பசுமை ஃபீடர் சாதனை கட்டாயம் வரணும் சார்" என்றும் சொன்னார்கள். வருகிறது. அவனோடு கம்பம் ஏறியவர்களும், பொய்யே பேசாதவன் என்று இன்றும் அவனைப் பற்றிச் சொல்கிறவர்களும் படிக்கட்டும். அவர் இவர் என்று எழுத எனக்கு வராது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். அவன் என்றுதான் எழுதுவேன்.

ஆந்திர எல்லையோரம் சாந்திபுரம் பக்கம் நாங்கள் லைன்மேன்களாகச் சேர்ந்தபோது அது அரசாங்க மின்வாரியம். கம்பெனிகளாக உடைந்ததெல்லாம் பிறகு. எங்கள் வேலையில் எல்.சி. என்று ஒன்று உண்டு, லைன் க்ளியர். கம்பத்தில் ஏறுகிறவர்கள் சப்ஸ்டேஷனில் எழுதிக் கேட்க வேண்டும். அங்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு திரும்பி வரும்வரை யாரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. இது விதி. நடப்பில், போனில் ஒருவன் "ஆஃப் பண்ணிட்டேன்" என்பான், இன்னொருவன் அதை நம்பி ஏறுவான். முனி மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டான். "எல்.சி. குடுக்கறவன் வாயிலதான்டா நம்ம உசுரு கீது" என்பான். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சீட்டைக் கையில் வாங்கி வந்தால்தான் அவனுக்குத் திருப்தி.

ஒருமுறை காற்றில் கம்பி அறுந்து, அதைக் கட்ட நான் மேலே ஏறியிருந்தேன். அன்று சப்ஸ்டேஷனில் இருந்தவர் புது ஆள். ஏனோ முனிக்கு மனசு ஒப்பவில்லை. சீட்டை என் உதவியாளிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப சப்ஸ்டேஷனுக்கே போய் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஆட்களோடு வந்து, நாற்று காய்கிறது, லைனை விடு என்று சத்தம் போட்டிருக்கிறார். புது ஆள் பயந்து எழுந்துவிட்டார். முனி சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான். "மேல என் ஆளு இருக்கான். அவன் எறங்கி வந்து என் எதிர்ல நிக்கட்டும். அப்பறமா நீ கை வை." கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. சட்டை கிழிந்தது. நகரவில்லை. இது எதுவும் தெரியாமல் மேலே நான் பாட்டுப் பாடிக்கொண்டு கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய்ப் பார்த்தபோது ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. "வந்துட்டியா? வா, டீ துன்னலாம்" என்றான். டீயைத் துன்னலாம் என்று சொல்கிறவன் அவன் ஒருவன்தான்.

பிறகு வேறொரு நாள் ஏணி சரிந்து என் கால் முறிந்தது. அதில் யார் தப்பும் இல்லை. கம்பம் ஏற முடியாதவனைத் திருப்பதி அலுவலகத்தில் மேசைக்கு முன் உட்கார வைத்தார்கள். தெலுங்கும் இங்கிலீஷும் கோவையாக எழுத வரும் என்பதால் அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது. அதற்குள் வாரியம் கம்பெனியாகிவிட்டது. மேலிடத்திலிருந்து புதுப் பேச்சுகள் வந்தன. பூமி சூடாகிறது, நிலக்கரிப் புகையைக் குறைக்க வேண்டும், கம்பியில் வீணாகும் மின்சாரத்தை மிச்சம் பிடித்தால் அந்த அளவுக்கு நிலக்கரி எரிக்க வேண்டாம், இதுவே நமது பசுமை இலக்கு என்றார்கள். பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கூட்டத்தில் பெரிய அதிகாரி இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாமும் ஏதோ நல்லது செய்கிறோம் என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

இலக்கின் முதல் படி கெபாசிட்டர். விவசாய மோட்டாருக்குப் பக்கத்தில் மாட்டும் சின்னப் பெட்டி அது. அதை மாட்டினால் மோட்டார் கம்பியிலிருந்து வீணாக இழுப்பது குறையும், வோல்டேஜும் ஓரளவு நிற்கும். ஒரு ஊரில் அத்தனை மோட்டாருக்கும் மாட்டி முடித்துவிட்டால், அந்த ஊருக்குப் போகும் லைன் 'பசுமை ஃபீடர்' ஆகிவிடும். முதல் பசுமை ஃபீடராக என் ஊரையே தேர்ந்தெடுத்தார்கள். மாட்டும் பொறுப்பு முனிக்கு. அப்போது அவன் லைன் இன்ஸ்பெக்டர். படங்களை ஒட்டிப் புத்தகமாக்கும் பொறுப்பு எனக்கு. நானும் அவனும் சேர்ந்து என் ஊருக்கு ஒரு நல்லது செய்கிறோம் என்று எவ்வளவு பெருமை எனக்கு!

என் ஊர் என்றால் எங்கள் நிலமும்தான். எங்க நைனா ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். கடைசிக் காலத்தில் அரசாங்கம் கொடுத்த ஒன்றரை ஏக்கர்தான் எங்கள் வம்சத்திலேயே முதல் சொந்த மண். அதில் என் அண்ணன் கோவிந்தன் போர் போட்டு, தக்காளியும் மல்பெரியும் வைத்திருந்தான். கஷ்டமெல்லாம் வோல்டேஜால்தான். ஊரில் எல்லா மோட்டாரும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் தொங்கின. கரண்டு வந்ததும் எல்லாம் ஒன்றாக எடுக்கும், இழுக்க முடியாமல் மோட்டாருக்குள் கம்பிச் சுருள் கருகும். இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு ஊரே மனு கொடுத்திருந்தது. அது வந்தால் நிலம் நிற்கும், வராவிட்டால் போகும் என்ற நிலைமை.

படங்கள் வந்தன. நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார், ஒரு விவசாயி, ஒரு பெட்டி. பெட்டி மேல் மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு. எங்கள் பக்கம் புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்ட மாட்டார்கள். படங்களைப் பரப்பி வைத்துப் பார்த்து நெகிழ்ந்துபோனேன். "ஒவ்வொரு குடும்பமும் பூஜை செய்து இதை வரவேற்றது" என்று எழுதினேன். மேலதிகாரிக்கு அந்த வரி ரொம்பப் பிடித்தது. பெரிய எழுத்தில் போடச் சொன்னார். விருது விழாவில் முனிக்குப் பச்சைச் சால்வை போர்த்தி, கையில் ஒரு வேப்பங்கன்றைக் கொடுத்தார்கள். பின் வரிசையில் நின்று கை வலிக்கத் தட்டினேன்.

சில மாதம் கழித்து அண்ணன் திருச்சானூருக்கு வந்தான். கால் இப்படி ஆன பிறகு நான் ஊருக்குப் போவது குறைந்திருந்தது. வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் போட்டான்.

"டிரான்ஸ்ஃபார்மர் இல்லன்ட்டாங்கடா. இந்த ஊர்ல கொறையே இல்ல, எல்லாம் சரியாப் பூட்ச்சுன்னு பொஸ்தகத்த மூஞ்சிக்கு நேரா காட்றான் ஆபீசரு. 'மீ தம்முடே ராசினாடு, சூடு'ன்றான். உன் தம்பியே எழுதிக்கிறான், பாருன்றான். நீயா எழுதன?"

"நான்தாண்ணா எழுதனேன்."

"நம்ம மோட்டாருக்குப் பொட்டி கீதுன்னா எழுதன?"

"போட்டோ இருந்துச்சுண்ணா."

"போட்டோ புடிச்சாங்க. ஊர்லயே மொதல்ல நம்ம போர்லதான் மாட்னாங்க. உங்க அண்ணி ஈரக் கையோட பொட்டு வச்சா. பெரிய பொட்டி வருதுன்னு சொல்லி அன்னிக்கே கழட்டிக்கினு பூட்டாங்க. உன் சிநேகிதன்தான் வந்தான். நம்ம வூட்டு மோரக் குட்சிட்டுதான் போனான்."

புத்தகத்தைப் பிரித்தேன். முதல் படம் அண்ணனுடையது. அண்ணியின் ஈரக் கையால் இடது பொட்டு மட்டும் கரைந்து வால்போல் கீழே வழிந்திருந்தது. இரண்டாவது படம் வேறு கிணறு, வேறு ஆள். அதிலும் இடது பொட்டு வழிந்திருந்தது. மூன்றாவதிலும் அப்படித்தான். கடைசிவரை அதே பொட்டு, அதே வால். அந்தப் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கிணறு கிணறாகக் கொண்டுபோய் மாட்டி, படம் எடுத்து, கழற்றியிருக்கிறார்கள். பொட்டைத் துடைக்க ஒருவனுக்கும் மனசு வரவில்லை. சாமி குங்குமம் அல்லவா! அத்தனை படத்தையும் மேசை மேல் பரப்பி வைத்து அழகு பார்த்த நான் எப்பேர்ப்பட்ட முட்டாள்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் டீக்கடையில் முனியைப் பிடித்தேன். விருதுக்குப் பிறகு அவன் திருப்பதிக்கு மாற்றல் கேட்டு வந்துபோய்க்கொண்டிருந்தான்.

"முனி, எத்தினி பொட்டி வந்துச்சு?"

டீ கிளாசைக் கீழே வைத்தான். சுற்றி வளைக்கவில்லை. "ஒண்ணு. மீதி வண்டில வருதுன்னாங்க. போட்டோ மட்டும் மொதல்ல அனுப்பு, தேதி முடியுதுன்னாங்க. வந்ததும் மாட்டிடலாம்னு நெனச்சேன். வரவே இல்ல."

"சொல்லியிருக்கலாமே. என்கிட்டயாவது."

"பாப்பாவ இங்க காலேஜ்ல சேக்கணும்டா. மாத்தல் ஆர்டரு மேசை வரைக்கும் வந்துடுச்சு."

"எல்.சி.ல ஒரு பொய் சொல்ல மாட்டியே முனி நீ."

"எல்.சி.ல பொய் சொன்னா ஆளு செத்துடுவான்டா. இது பேப்பரு. பேப்பர்ல யாரு சாவப் போறா?"

இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. புகை, பூமி, இலக்கு என்று மேலிடம் பேசியதெல்லாம் வெறும் காகிதம் என்று நினைத்தான். அந்தக் காகிதத்தின் அடியில் என் அண்ணன் நிற்கிறான் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. மேலே ஆள் இருக்கிறான் என்று அறை வாங்கிக்கொண்டு நின்றவனுக்கு அது தோன்றவில்லை!

அன்றே ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பெட்டியைத்தான் மாட்டினோம், அதையும் கழற்றிவிட்டோம், இந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபார்மர் அவசியம் தேவை என்று நாலு வரி. மாட்டிய அதிகாரி என்ற இடத்தில் அவன் கையெழுத்து வேண்டும். "திங்கக்கிழமை போட்டுட்றேன்" என்றான். திங்கட்கிழமை வந்தபோது மாற்றல் ஆர்டர் கைக்கு வரட்டும் என்றான். ஆர்டர் வந்த பிறகு டீக்கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டான். மேலதிகாரியிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். புத்தகம் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது, அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருடப் புத்தகத்தில் வேறு ஊர் இருந்தது. நான் மட்டும் கையெழுத்துப் போட்டு அதை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. எனக்கும் வேலை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். முனியைத் திட்டும்போதெல்லாம் இதைச் சௌகரியமாக மறந்துவிடுவேன்.

அந்தக் கோடையில் அண்ணனின் மோட்டார் மூன்றாவது முறையாகக் கருகியது. காய் பிடித்திருந்த தக்காளி செடியிலேயே வதங்கியது. நைனாவுக்குக் கிடைத்த மண்ணைப் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அண்ணியோடு தடா பக்கம் போனான். அங்கே ஒரு தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி. இன்றும் அங்கேதான் இருக்கிறான். நிலம் கைமாறி, இப்போது அதில் சோலார் தகடுகள் நிற்கின்றன. கம்பெனியின் இந்த வருடப் பசுமைப் புத்தகத்தில் அந்தப் படம் இருக்கிறது. 'தரிசு நிலத்தில் சூரிய சக்தி' என்று போட்டிருக்கிறார்கள். யார் எழுதினார்களோ, என்னைப் போல ஒரு நல்ல பிள்ளை.

முனியோடு பத்து வருடத்துக்கு மேல் பேசவில்லை. போன மாதம் அவனே போன் செய்தான். குரலில் காற்றுதான் அதிகம் இருந்தது.

"டேய், அந்த லெட்டரு வச்சிக்கினு கீறியா?"

"கீது."

"எடுத்துக்கினு வாடா. போட்டுட்றேன்."

"திங்கக்கிழமை வரேன்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். நான் காத்திருந்த மாதிரி அவனும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று. அந்தத் திங்கட்கிழமை போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை. அதற்கு அடுத்த வியாழக்கிழமை கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். ஏறி உட்கார்ந்ததும் செய்தி வந்தது.

வீட்டு வாசலில் அவன் மகள் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமா, அப்பா ரெண்டு வாரமா தலையாணி கீழ பேனா வச்சிக்கினே படுத்துக்கினு இருந்தாரு. எதுக்குன்னு கேட்டா சொல்லல. நீங்க வருவீங்கன்னு மட்டும் சொன்னாரு."

அவனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பவை இவை. ஒன்று, இந்த உயிர். அவன் அன்று சுவிட்சை விட்டு நகர்ந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. இன்னொன்று, மடித்து மடித்து நைந்துபோன அந்தக் கடிதம். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கோபமும் போகவில்லை. அவன் வாங்கிய அறையை நினைத்தால் அழுகை வருகிறது, மோர் குடித்ததை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

அவன் கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாகவே இருக்கிறது. அதற்குக் கீழே, 'அந்தப் பசுமைப் புத்தகத்தை எழுதியவன்' என்று போட்டு நேற்று நான் கையெழுத்து வைத்தேன். அவன் பேனாவால்தான் வைத்தேன். அவன் மகள் கொடுத்தாள்.