கொலைகாரன் முகம் தெரியாத படம்

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் நான் சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ் ஒன்றில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது சாத்தூரில். மதுரையிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகைக்குச் சினிமா விமர்சனமும் எழுதிவந்தேன்.

தீபாவளி சீசன் முடிந்து வேலை குறைந்திருந்த நாளில், கொலைப் பழி விழுந்த அப்பாவிக்காக ஒரு வக்கீல் வாதாடும் படத்தைச் சாத்தூரில் பகல் காட்சி பார்த்தேன். படம் முழுக்க இருட்டு. முதல் காட்சியில் மழையில் ஒருவன் கத்தியோடு வருகிறான். ஆணா பெண்ணா என்பதே உடை அசைவதை வைத்துத்தான் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர், "ஏலே, லைட்டப் போடுங்கலே!" என்று கத்தினார். ரசனை கெட்ட ஊர் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் நீதிமன்றத்தில் அந்த வக்கீல்தான் கொலைகாரன் என்று தெரிந்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

'கொலைகாரனின் முகத்தைக் கடைசிவரை இருளில் வைத்த துணிச்சல்' என்று ஒரு பக்கம் எழுதினேன். அச்சில் வந்தது. பிறகுதான் மற்ற பத்திரிகைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே குறை: கொலைகாரன் யாரென்று முதல் காட்சியிலேயே காட்டிவிட்டார்கள், அப்புறம் என்ன விறுவிறுப்பு?

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய் மறுபடி பார்த்தேன். அரங்கில் என்னோடு சேர்த்துப் பதினான்கு பேர். மழை, கத்தி, தெருவிளக்கின் கீழே வக்கீலின் முகம். மூக்கிலிருந்த மச்சம்கூடத் தெளிவாக இருந்தது.

சாயங்காலம் சாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே தியேட்டருக்குப் போனேன். வாசலில் கூட்டம். தாயில்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஆபரேட்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"புரொஜெக்டர் லேம்ப்பு மங்கி ரெண்டு மாசமாச்சுண்ணே. மாத்தலாம்னுதான் இருந்தோம். நீங்க எழுதுனதப் படிச்சிட்டு மொதலாளிதான் வேண்டாம்னுட்டாக. நல்லா ஓடுதுல்ல?"

உள்ளே போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் பிரஸ்ஸிலிருந்து ஆசிரியருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். திருத்தம் போட்டுவிடலாம் என்றேன்.

ஆசிரியர் சொன்னார்: "ஒங்க பக்கமிருந்து கடிதம் வந்து குவியுது. மத்தவங்க எல்லாம் படத்தப் பாக்காமலே எழுதிட்டாங்கன்னு திட்டியிருக்காங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

திருத்தம் வரவில்லை. அந்தக் கடிதங்களில் நான்கு அடுத்த இதழில் அச்சில் வந்தன.