பீரோ வைத்த பரீட்சை

ஆர்கெஸ்ட்ராவில் எல்லோரும் அவரை பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் வருகைப் பதிவேட்டோடு சரி. காரணம் அவருடைய டபுள் பாஸ். வயலின் குடும்பத்துக்கே பெரியப்பா மாதிரியான வாத்தியம் அது. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். அதிலும் இவருடையது ராட்சசப் பெருசு. அது லிஃப்டில் ஏறினால் இவர் படியேற வேண்டியதுதான். அதோடு இருபத்தாறு வருஷம், ஐந்து பாஸ்காரர்களில் முதல் ஆளாக நின்றுவிட்டார்.

ஐம்பத்தைந்து வயதில் இடது தோள் மக்கர் பண்ணியது. மேல் ஸ்வரங்களுக்குக் கையை எட்டி நீட்டினால் உயிர் போய் உயிர் வந்தது. சின்ன பாஸுக்கு மாறுங்கள் என்றார் டாக்டர்.

"சட்டையை நான் மாட்டிவிடணும், அந்த மலையை மட்டும் நீங்களே தூக்கிடுவீங்களாக்கும்!" என்றாள் மனைவி.

சின்னதாக ஒன்று வாங்கினார். வீட்டில் வாசித்தால் தேனாக இருந்தது. ஆனால் பாஸ் விஷயத்தில் வாசிப்பவன் காதை நம்பக் கூடாது. பக்கத்தில் முழங்குவது பத்தாவது வரிசையில் கரைந்துவிடும். பக்கத்தில் முனகுவது கடைசி வரிசை நாற்காலியை அதிரவைக்கும். சின்னது அரங்கில் எடுபட்டால் முதல் இடம் அவருக்கே. எடுபடாவிட்டால் பெரியதோடு மல்லுக்கட்ட வேண்டும், தோள் எத்தனை நாள் தாங்குமோ.

இதற்கென்று பாஸ்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மற்றவர்கள் கடைசி வரிசையில் மேடைக்கு முதுகு காட்டி உட்கார்வார்கள். வாத்தியத்துக்குச் சொந்தக்காரர் ஒவ்வொன்றிலும் ஒரே பகுதியை வாசிப்பார். பிடித்ததன் எண்ணைச் சீட்டில் எழுதித் தருவார்கள். அவ்வளவுதான். பீரோ அதோடு விட்டிருக்கலாம். பெரிய நியாயஸ்தர் ஆயிற்றே!

"என் கை பெரிசுக்குப் பழகினது. நான் மட்டும் வாசிச்சா சின்னதுக்கு அநியாயம். டீச்சரும் ரெண்டையும் வாசிக்கட்டும்."

டீச்சர் பதினோரு வருஷமாகப் பக்கத்தில் நின்று, ஒரே ஸ்டாண்டில் வைத்த இசைத்தாளைப் பார்த்து அவரோடு வாசிப்பவர். காலையில் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார்.

"எனக்கு எதுக்குண்ணே இந்த வம்பு?"

"அட வாங்க டீச்சர். பரீட்சை வாத்தியத்துக்கு, நமக்கா?"

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டார்.

முதலாவது, பீரோ சின்னதில். இரண்டாவது, பீரோ பெரியதில். மூன்றாவதும் நான்காவதும் அதே வரிசையில் டீச்சர். பெரியதை வாசித்தபோது பீரோவுக்குத் தோள் சுருக்கென்றது. வெளியே தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று சீட்டுகள் வந்தன. நான்கு. நான்கு. நான்கு.

அடுத்தபடியாக எது என்று பீரோ கேட்டார். அப்படிக் கேட்கும் வழக்கமே கிடையாது.

"மூணு," என்றார்கள் மூன்று பேரும்.

அந்த மூவரில் மூத்தவர் மேடைக்கு வந்து பீரோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூணும் நாலும் நீங்கன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடலாம்ணே. அனுபவம்னா சும்மாவா!"

டீச்சர் வில்லைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். பீரோ ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும். டீச்சர் சாகும்வரை வாய் திறக்க மாட்டார். பீரோவுக்கு அவமானமாகத்தான் இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அது டீச்சர்," என்றார்.

பிறகு அவரே, பெரிய பாஸை டீச்சர் பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தார். "கச்சேரிக்கு இதுதான். நீங்கதான். பார்த்து, கழுத்துப் பக்கம் கனம் ஜாஸ்தி."

"அண்ணே…"

"வேண்டாம் டீச்சர். பேசினா எனக்கு மனசு மாறிடும்."

மறுநாள் ஒத்திகையில் டீச்சர் முதல் இடத்தில் நின்றார். பீரோ சின்ன பாஸோடு அவருக்கு உட்புறம் நின்றார். எல்லோரும் அவரைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். தோள் வலிக்கவில்லை. வாசிப்பும் நன்றாகவே போனது. ஸ்டாண்டில் உட்புறம் நிற்பவர்தான், வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். முதல் ஆள் நிறுத்தக் கூடாது. பக்கத்தின் கடைசி வரி வந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் பீரோ பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தார்.

டீச்சர் தலையைத் திருப்பாமல், வில்லையும் நிறுத்தாமல், மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, பக்கம்…"